மாமூத்துக்குக் காது சின்னது

"ஏன் ஆன்ட்டி இது இவ்ளோ பெரிசா இருக்கு?"

ஒரு கோடை முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. பிள்ளைகள் கேட்டால் பரவாயில்லை. கூட வருகிற பெரியவர்கள் கேட்பதுதான் எரிச்சலைக் கிளப்பும். எதுக்கும்மா இவ்வளவு பெரிசா வளரணும்னு அதுக்கு ஆசை வந்துச்சு என்பார்கள், என்னவோ டைனோசர் பாண்டி பஜாருக்குப் போய் டபுள் எக்ஸ்எல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த மாதிரி. ஆசைப்பட்டு யாரும் பெரிதாவதில்லை சார் என்று பல்லைக் காட்டிக்கொண்டே ஆரம்பிப்பேன். கூட்டத்தில் கொஞ்சம் பெரிதாகப் பிறந்தது பிழைத்துக்கிடந்தது, அதன் குட்டிகளிலும் பெரியது பிழைத்தது, அப்படியே லட்சக்கணக்கான வருஷம். யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் பாதி சொல்வதற்குள் அவர்கள் செல்ஃபி எடுக்க நகர்ந்துவிடுவார்கள்.

தி. நகரில் லீவு விட்டிருந்த ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தகர ஷெட் போட்டு நடத்திய ராட்சத விலங்குகள் கண்காட்சி அது. உள்ளே இருந்ததெல்லாம் மோட்டாரில் தலையாட்டும் பொம்மைகள். வாசலில், ரோட்டை ஒட்டி நின்ற மாமூத் மட்டும் உயிருள்ளது. மாமூத் என்றால் பனிப் பிரதேசத்தில் வாழ்ந்து அழிந்துபோன கம்பளி யானை. கத்திரி வெயிலில் கூட்டம் இழுப்பதற்காக ஒரு மனுஷனுக்கு அந்த வேஷம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அந்த மனுஷன் என் அண்ணன்.

இப்போது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். நாக்கு குழறுகிறது. சாப்பாட்டுக் கை வாய்க்குப் போகிற வழியில் தடுமாறி மூக்கில் இடிக்கிறது. குடித்துவிட்டு வந்தான் என்று கண்காட்சிக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெயில்தான் என்கிறாள் அம்மா. அவ்வளவு பெரிய உடம்பு இல்லையா, கண்ணு பட்டுவிட்டது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மூன்றும் இல்லை, நான்தான். அதை எட்டு மாதமாக அவனிடம் சொல்லாமல் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவன் இந்த உலகத்தில் முழுசாக நம்புகிற ஒரே ஆள் நான். அது போய்விட்டால் அவனுக்கு மிச்சம் என்ன, எனக்குத்தான் மிச்சம் என்ன என்ற பயம்.

நாங்கள் அடையாற்றங்கரையில் பிறந்தவர்கள். நைனா மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதித்தார். அவரும் ஆள் வாட்டசாட்டம்தான், ஆனால் அண்ணன் அவரையும் தாண்டி வளர்ந்தான். ஆறாவது படிக்கும்போதே பத்தாவது பையன் மாதிரி இருப்பான். போர்டை மறைக்கிறான் என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து அவனுக்குப் போர்டு தெரியவில்லை, கண்ணாடி வாங்கித் தர எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பெஞ்சு நகர்த்தணும், பீரோ தூக்கணும், தண்ணி கேன் ஏற்றணும் என்றால் மட்டும் டீச்சர்களுக்கு அவன் ஞாபகம் வரும். அவன் பாடத்தைக் கேட்டதைவிடப் பள்ளிக்கூடத்தைத் தூக்கியதுதான் அதிகம்.

நைனா செத்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. பந்தல் போடுகிற ஒரு கான்ட்ராக்டர் துக்கத்துக்கு வந்தார். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையனுக்குப் பதினேழு பதினெட்டு இருக்குமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா இல்லை என்று சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவன் ஈக்காட்டுத்தாங்கல் குடோனில் இரும்புக் குழாய் தூக்கிக்கொண்டிருந்தான்.

நான் நோஞ்சான். ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்தால் குடம்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போவது போலிருக்கும். இவ எதுக்கும் லாயக்கில்ல, படிக்கட்டும் விடு என்றாள் அம்மா. என் படிப்பு அப்படி ஆரம்பித்ததுதான். கெட்டிக்காரத்தனம் எல்லாம் பிறகு வந்தது. சின்ன உடம்பு என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டது, பெரிய உடம்பு அவனைக் குடோனில் விட்டது. இதை நினைத்தால் எனக்கு யார்மேல் என்று தெரியாமலே ஆத்திரம் வரும்.

கல்லூரியில் விலங்கியல் கிடைத்தது. அதில்தான் சீட் இருந்தது. ஆனால் பெரிய உடம்பு பற்றிய பாடம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அண்ணனைப் பற்றி யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது. பெரிய உடம்பு என்றால் பெரிய குடல், காய்ந்த சுள்ளியையும் முரட்டுப் புல்லையும் நாள்கணக்கில் உள்ளே வைத்திருந்து சத்தைப் பிழிந்துவிடும். அவனும் அப்படித்தான், பழையதோ தீய்ந்ததோ குண்டான் காலியாகும். பெரியது பட்டினியைத் தாங்கும், தீனி தேடி நெடுந்தூரம் நடக்கும். வளர்ந்த யானையிடம் புலி வாலாட்டாது. இந்த ஒன்றுதான் எங்கள் ஏரியாவில் ஒத்துவரவில்லை. எந்தத் தெருவில் அடிதடி நடந்தாலும், ஆள் பெரிசாக இருக்கிறானே என்று முதலில் அவனைத்தான் ஜீப்பில் ஏற்றுவார்கள்.

பாடத்தின் அடுத்த பக்கத்தில் விலையும் எழுதியிருந்தது. பெரியதுக்குத் தீனி அதிகம் வேண்டும், ஒளிய இடம் கிடைக்காது, குட்டி எப்போதாவது ஒன்று. உலகம் சட்டென்று மாறினால் எலி எப்படியோ தப்பிக்கும், முதலில் விழுவது பெரியதுதான். தீவில் மாட்டிக்கொண்ட யானைகள் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப்போன கதையும் அங்கேதான் இருந்தது. வெள்ளத்துக்கு அப்புறம் எங்களை ஆற்றங்கரையிலிருந்து கிளப்பிப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் ஒரு ரூமில் போட்டிருந்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்து உள்ளே வந்து, காலை நீட்ட இடமில்லாமல் வராந்தாவில் நீட்டிப் படுப்பான். வருகிறவர் போகிறவரெல்லாம் தாண்டிப் போவார்கள். ஒரு லட்சம் வருஷம் இங்கேயே இருந்தால் நம்ம பரம்பரை குள்ளமாயிடும்ணா என்று நான் சொன்னதற்கு வயிறு குலுங்கச் சிரித்தான்.

எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். சும்மா என்றால் மயிலாப்பூரில் வீடு வீடாகப் போய் டியூஷன், அடையாரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் போடுவது, இப்படி. அப்போதுதான் கண்காட்சி விளம்பரம் பார்த்தேன். விளங்கச் சொல்ல ஆள் வேண்டும், விலங்கியல் படித்திருந்தால் நல்லது. போன வருஷம் கடல்கன்னி காட்டிய அதே ஓனர் இந்த வருஷம் ராட்சத விலங்குகளுக்கு மாறியிருந்தார். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் சீசன் நன்றாகப் போனால் கோயம்புத்தூர், மதுரை என்று ஊர் ஊராகக் கொண்டுபோவோம், நீதான் அதற்கெல்லாம் பொறுப்பு என்று சொல்லியிருந்தார். எனக்கு ஒரு கோட்டு கொடுத்தார்கள், வெள்ளைக் கோட்டு, பாக்கெட்டுக்கு மேல் நிபுணர் என்று எம்ப்ராய்டரி. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது என் கண் கலங்கியது. இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வாசல் வேஷத்துக்கு வாட்டசாட்டமான ஆள் வேண்டும் என்றார் ஓனர். எங்க அண்ணன் இருக்கான் சார் என்றேன். அவனுக்கு அது புது வேலையும் இல்லை. கல்யாண ரிசப்ஷன் வாசலில் பிள்ளைகளுக்கு டாட்டா காட்டும் யானை வேஷத்தைப் பந்தல் கான்ட்ராக்டருக்காகப் பல தடவை போட்டிருக்கிறான். கடைசியில் பார்த்தால் ஓனர் வாங்கி வைத்திருந்ததும் அந்த மாதிரி ஒரு பழைய ரிசப்ஷன் யானைதான். அதன்மேல் பழுப்பு உல்லன் ஒட்டி மாமூத் என்று போர்டு மாட்டியிருந்தார்.

அந்த வேஷத்தின் சூட்சுமத்தை அண்ணன்தான் எனக்குக் காட்டினான். யானைக்கு முறம் மாதிரி பெரிய காது. காது ஒட்டியிருந்த இடத்தில் இரண்டு பக்கமும் கையகலத்துக்குக் கொசுவலை வைத்துத் தைத்திருந்தது. உள்ளே ஒரு கயிறு. அதை இழுத்தால் காது ஆடும், ஆடும்போது வலை வழியாகக் காற்று உள்ளே வரும். பிள்ளைகளுக்கு யானை காதாட்டுகிறது என்று குஷி, உள்ளே இருப்பவனுக்கு உயிர். வெளியே வரணும் என்றாலும் அதுதான் சிக்னல். கடகடவென்று காதாட்டினால் வாட்ச்மேன் கூட்டத்தை விலக்கி அவனை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போவார். இருபது நிமிஷம் உள்ளே, பத்து நிமிஷம் வெளியே, ஒரு சொம்பு மோர். யார் செய்த ஏற்பாடோ, மூளைக்காரன்.

ஷெட்டுக்குள் நான் தினமும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டம்ளர் காப்பி சீக்கிரம் ஆறிடும், கல்யாண வீட்டு அண்டா சாம்பார் ஆறாது, ஏன்? உடம்பு பெருக்கப் பெருக்க உள்ளே இருக்கிற சரக்கு கூடுகிற வேகத்துக்கு மேல்தோல் கூடாது. சூடு வெளியேற வழி தோல்தான். அதனால் பெரிய உடம்பில் சூடு தங்கிவிடும். பனிப் பிரதேசத்து மாமூத்துக்கு அது வரம். இருக்கிற சூடும் போகக் கூடாது என்றுதான் அதற்குக் கம்பளி மாதிரி முடி, முதுகில் கொழுப்பு, சின்னஞ்சிறு காது. நம்ம ஊர் யானைக்கு அதே பெரிய உடம்பு தலைவலி. அதனால்தான் அதற்குப் பெரிய காது, அதில் மெல்லிசாக ரத்தக்குழாய்கள். காதை ஆட்டி ஆட்டி ரத்தத்தை ஆற்றிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு முப்பது தடவை இதைச் சொன்னேன். யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

கண்காட்சி ஆரம்பித்துப் பத்து நாள் இருக்கும். காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னால், வாசலில் மாமூத் பக்கத்தில் ஏழெட்டுப் பேருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரிலிருந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் கடைசியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். விலங்கியல் புரொபசராக இருந்து ரிடையர் ஆனவராம். நான் முடித்ததும் சிரித்தார். சத்தம் போட்டெல்லாம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"இது மாமூத் இல்லேம்மா. நம்மூர் யானை கம்பளி போர்த்திண்டு நிக்கறது. காதைப் பாரு. நீ நிஜமாவே ஜுவாலஜிதான் படிச்சியா?"

எல்லாரும் சிரித்தார்கள். பேத்தியும் சிரித்தது. அவர் கெட்ட மனுஷர் இல்லை, போகும்போது என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். அவர் சொன்னதும் சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு ஆறவில்லை. பதினேழு வருஷம் கூரை ஒழுகுகிற வீட்டிலும் ட்யூப்லைட் எரியாத மாடிப்படியிலும் உட்கார்ந்து படித்திருக்கிறேன். நிஜமாகவே படித்தாயா என்று கேட்டுவிட்டார். நிபுணர் என்று எம்ப்ராய்டரி போட்ட கோட்டோடு நின்றேன், முகம் எரிந்தது. பக்கத்தில் நின்ற மாமூத்துக்குள் ஒரு ஆள் இருக்கிறான், அவனுக்கும் காது கேட்கும் என்பதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்று மத்தியானமே ஓனரிடம் போய், வேஷத்தைத் திருத்தினால் பேப்பர்காரர்களைக்கூடக் கூப்பிடலாம் சார் என்றேன். என்னமோ செய்துகொள், செலவு வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தார். சாயங்காலம் கண்காட்சி முடிந்ததும் வேஷத்தை ஆட்டோவில் போட்டு மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் யூனிஃபார்ம் தைக்கிற ஒரு டெய்லரிடம் கொண்டுபோனேன். புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டினேன். உச்சந்தலையில் ஸ்பாஞ்சு வைத்து மேடு, தோளில் கொழுப்புத் திமில், முதுகு ஜிப் தெரியாமல் அதன்மேல் உல்லன். பெரிய காதை எடுத்துவிட்டு உள்ளங்கை அளவில் சின்னக் காது. டெய்லர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர் காதில் நின்றார்.

"இன்னாம்மா, இது காத்து போறதுக்கு வெச்ச வலை. இத்த அடைச்சா உள்ள கீற ஆளு இன்னா பண்ணுவான்?"

வாய்ப்பக்கம் வலை இருக்கு, அது போதும் என்றேன். அவர் இன்னொரு முறை கேட்டார். மாமூத்துக்குக் காது சின்னது என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன், நிபுணர் இல்லையா. அவர் தோளைக் குலுக்கிவிட்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தார். காதைப் பற்றி அன்று மட்டுமே முப்பது தடவை பேசியிருந்த நான், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நூல் கலர் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் வேஷத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வலை இருந்த இடத்தை விரலால் தடவினான். நான் கேட்காமலே, ஓனர் மாத்தச் சொல்லிட்டாருண்ணா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் என்று சொல்லியிருந்தால், மூச்சு முட்டுமே பாப்பா என்பான், நான் பிரிக்க வேண்டியிருக்கும். ஓனர் என்றால் எதிர்த்துப் பேச மாட்டான். பன்னிரண்டு வயதிலிருந்து ஓனர்களை எதிர்த்துப் பேசாமலே வளர்ந்த உடம்பு அது. அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். நல்லாத்தான் கீது என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தான்.

நல்லாத்தான் இருந்தது. நிஜ மாமூத் போலவே இருந்தது. கூட்டம் இரண்டு மடங்கானது. நான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்தேன். எங்கள் கல்லூரி டீச்சர் ஒருத்தர் பிரமாதம் என்று எழுதினார். இரண்டு நாள் அவன் கையைத் தூக்கிக் காட்டி இருபது நிமிஷத்துக்குப் பதில் பதினைந்தில் வெளியே வந்தான், ஒரு சொம்பு மோருக்குப் பதில் இரண்டு சொம்பு குடித்தான். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

கத்திரியின் உச்சம். செல்ஃபி வரிசை எதிர் ஜூஸ் கடை வரைக்கும் போயிருந்தது. அவன் கை தூக்கிக் காட்டினானாம். டாட்டா காட்டுகிறது என்று பிள்ளைகளும் கை தூக்கினார்களாம். கூட்டம் இருக்கு, இன்னும் அஞ்சு நிமிஷம் என்று ஓனர் இரண்டு தடவை சொல்லியனுப்பினாராம். கடகடவென்று ஆட்டக் காது இல்லை. கடைசியில் மாமூத் தரையில் உட்கார்ந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஒருவர் தன் குழந்தையை அதன் மடியில் உட்காரவைத்து போட்டோ எடுத்தார். நான் அந்த நேரம் ஷெட்டுக்குள், கூலருக்குப் பக்கத்தில், அண்டாவில் சாம்பார் ஏன் ஆறாது என்று ஒரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

வாட்ச்மேன் ஓடிவந்து கூப்பிட்டார். நான் போய்ச் சேரும்போது அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஜிப்பின் பல்லில் உல்லன் சிக்கி இறங்க மறுத்தது. நான் நகத்தால் பிய்த்தேன், நகம்தான் பிய்ந்தது. இளநீர்க்காரர் அரிவாளோடு வந்து முதுகைக் கிழித்தார். உள்ளே என் அண்ணன் தோசைக்கல் மாதிரிக் கொதித்தான். ஒரு சொட்டு வேர்வை இல்லை. வேர்வை நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்று நான் படித்திருக்கிறேன். ஜூஸ் கடை ஐஸையெல்லாம் வாரி அவன்மேல் கொட்டினோம். கண் திறந்திருந்தது, பார்வை எங்கோ இருந்தது. பந்தல் கம்பம் எல்லாத்தையும் வண்டில ஏத்தியாச்சா, ஏத்தியாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஏத்தியாச்சுண்ணா என்றேன். ஆம்புலன்ஸில் அவன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் கதவு மூடவில்லை, மடக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சிறுமூளை சூட்டில் அடிபட்டிருக்கிறது என்றார் டாக்டர். நடையும் பேச்சும் கொஞ்சம் திரும்பலாம், பழையபடி ஆகாது. ஆள் பெரிசு இல்லையா, சூடு இறங்கவே ரொம்ப நேரம் பிடிச்சுதும்மா என்று எனக்கு விளக்கினார். டம்ளரும் அண்டாவும்கூட அவரே சொல்லியிருப்பார் போல. நான் கேட்டுக்கொண்டேன்.

கண்காட்சி ஒரு நாள்கூட நிற்கவில்லை. கிழிந்த முதுகைத் தைத்து, அடுத்த சனிக்கிழமை வேறு ஆளை உள்ளே அனுப்பிவிட்டார்கள். காது அதே சின்னக் காது. நான் போய் வாசலில் நின்று, ஓட்டை போடுங்க, இல்லாட்டி போலீஸுக்குப் போவேன் என்று கத்தினேன். ஓனர் பதறவே இல்லை. போய்ச் சொல்லு, அடைச்சது யாருன்னும் சேர்த்துச் சொல்லு என்றார். டெய்லர் பில்லில் என் கையெழுத்து இருந்தது. கோட்டைக் கழற்றி அவர் மேஜையில் போட்டுவிட்டு வந்தேன். அதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. பெரிய வீராங்கனை மாதிரி எழுத இங்கே எதுவுமில்லை.

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் அவனைப் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். போன மாதம் ஒரு நாள் அது முடிந்து அடையார் டிப்போவில் பெரும்பாக்கம் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். காலை பதினொரு மணி. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வழியில் போன ஒருத்தர், மாடு மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு காலையிலேயே குடி என்று சொல்லிவிட்டுப் போனார். தலை ஆடுவதைப் பார்த்து அப்படி நினைத்திருக்கிறார். அண்ணன் அவரைப் பார்த்துச் சிரித்தான், பழகிவிட்டதாம். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அங்கேயே, பஸ் இரைச்சலில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஓனர் மாத்தச் சொல்லவில்லை, நான்தான் மாத்தினேன், டெய்லர் சொல்லியும் கேட்கவில்லை, உன்னிடம் பொய் சொன்னேன். அழுகை வந்தது. அவன் காறித் துப்பினால்கூடத் தேவலை என்று இருந்தது.

அவன் ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துப் பேச வேண்டும். நேரம் பிடிக்கும். நான் காத்திருந்தேன்.

"தெரியும் பாப்பா. அந்த ஓனருக்கு மாமூத்துக்கும் மாட்டுக்குமே வித்தியாசம் தெரியாது. அவனா காது சின்னதுன்னு சொல்லப்போறான்?"

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தான்.

"அந்தப் பெரியவரு சிரிச்சப்ப நான் உள்ளதான கீறேன். உன் மூஞ்சப் பாத்தேன்."

பிறகு ஏண்ணா போட்டுக்கிட்டே, அடைச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அவன் ஆடும் கையைத் தூக்கி என் தலையில் வைக்கப் பார்த்தான். அது நழுவித் தோளில் விழுந்தது.

"சொன்னா நீ பிரிச்சிருப்பியே. மறுபடி யார்னா சிரிப்பாங்க."

பிரித்திருப்பேனா? அன்றைக்கு எனக்கு இருந்த திமிருக்கு, அந்தக் கோட்டுக்கு, அந்தக் கூட்டத்துக்கு. சத்தியமாகத் தெரியவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாண்ணா," என்றேன்.